தோன்றியதை வாசிப்பது, வாசித்ததைக் கேட்பது

2024 மே 30, பெரம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி

பியானோவில் கிரேடு பரீட்சையெல்லாம் முடித்துவிட்டேன். இப்போது நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஸ்கேல், தாளம், கார்டு (ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக்கூட்டு) எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் கைக்குத் தோன்றுவதை வாசிக்கிறேன். வாசிக்கும்போது ஆனந்தமாக இருக்கிறது. போனில் பதிவு செய்து கேட்டால் அதே வாசிப்பு சகிக்கவில்லை. இந்த மாதிரி வாசிப்பு அந்த நேரத்தோடு முடிந்துவிட வேண்டியது, அதைப் பதிவு செய்வதே தப்பு என்று நினைக்கிறேன். யாராவது மறுத்துச் சொல்ல முடியுமா?

ஜூன் 2

நான் மறுக்கிறேன். பதிவு செய்யுங்கள். ஆனால் அன்றைக்கே கேட்காதீர்கள்.

வாசித்து எழுந்த கையோடு கேட்டால் காதில் விழுவது ஓசை மட்டும் இல்லை. எங்கே போக நினைத்தீர்கள், எந்த விரல் வழுக்கியது, எங்கே பயந்தீர்கள் என்பதெல்லாம் உடம்பில் இன்னும் சூடாக இருக்கும். நினைத்ததையும் கேட்பதையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு மனசு நொந்துபோகும். சில வாரம் கழித்துக் கேளுங்கள். நினைத்தது மறந்திருக்கும், ஓசை மட்டும் மிச்சமிருக்கும். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், இதற்கும் அது பொருந்தும்.

நான் ராயபுரத்தில் இருக்கிறேன். வீட்டில் இருப்பது பழைய அப்ரைட் பியானோ, சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை. பெரம்பூரில் ஒரு ரயில்வே குடும்பம் ஆஸ்திரேலியா கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது. எனக்கு மேடை கிடையாது, மாணவர்கள் கிடையாது. ராத்திரி வேலை முடிந்து வந்து வாசிப்பேன், பதிவு செய்வேன். வருஷக்கணக்காக இதுதான் பழக்கம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஜூன் 2, ராத்திரி

இன்னொன்று. சகிக்கவில்லை என்றீர்களே, அதில் பாதிப் பழி போனுடையது.

போன் செய்யப்பட்டது பேச்சுக்காக. மெதுவான ஓசை வந்தால் அது தானாகவே அளவை ஏற்றும், பெரிய ஓசை வந்தால் இறக்கும். நீங்கள் மெல்ல ஆரம்பித்து வளர்த்துக்கொண்டு போய் ஓர் உச்சத்தில் நிறுத்தியிருப்பீர்கள். பதிவில் தொடக்கமும் உச்சமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். உங்கள் வாசிப்பில் இருந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதியைப் போன் சமமாக்கிவிடுகிறது. அதைவிட மோசம் இரைச்சல் நீக்கும் வசதி. பியானோவில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் ஓசை மெல்ல மெல்லத் தேயும். அந்தக் கடைசித் தேய்மானத்தைப் போன் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். தோன்றியபடி வாசிப்பதில் பாதி விஷயம் அந்தத் தேய்மானத்தில்தான் நடக்கிறது. அடுத்து என்ன என்று கை யோசிப்பது அங்கேதான்.

தானாக அளவு மாற்றுவதை அணைக்க விடும் ஆப்கள் இருக்கின்றன, தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். வீட்டில் அதிகபட்சச் சத்தத்தோடு ஒருமுறை வாசித்துப் பார்த்து, முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்துவிட்டால் அப்புறம் அதைத் தொடவே வேண்டாம். நான் அப்ரைட்டைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்து, மேல் மூடியைத் திறந்து, ரெக்கார்டரை என் தலை உயரத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு ஸ்டாண்டில் வைக்கிறேன். பியானோவின் மேலேயே வைத்தால் பெடல் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் 'தொம்' என்று விழும்.

ஜூன் 5

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "எங்கள் தெருவில் இந்தச் சத்தத்தில் எப்படிப் பதிவு செய்வது? மின்விசிறியை அணைத்தால் வாசிக்கவே முடியவில்லை."

மின்விசிறியை அணைத்துத்தான் ஆக வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஜன்னலை மூடிவிட்டு மே மாதத்தில் வாசிப்பது தவம்தான். வியர்வையில் விரல் வழுக்கும், பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருச் சத்தத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. எங்கள் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியில்தான் அதிகம். கூட்ஸ் வண்டிகள் ஓடும். விடிவதற்கு முன்பே காசிமேட்டில் ஏலச் சத்தமும் ஐஸ் வண்டிகளும் ஆரம்பித்துவிடும். இதற்கெல்லாம் ஒளிந்து வாசிக்க வேண்டுமென்றால் வாசிக்கவே முடியாது. ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஹார்ன் அடித்தது. வலது கையில் வேகமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இடது கை தானாக அடிக்கட்டைகளுக்குப் போய் அந்த ஹார்னுக்குப் பக்கத்தில் ஓர் ஓசையைத் தேடிப் பிடித்தது. அப்புறம் வலது கையும் நின்றுவிட்டது. வாசிக்கும்போது இதில் எதையும் நான் கவனிக்கவில்லை. பதிவில்தான் கேட்டேன். அதற்கு முன்னால் வாசித்தவை நான் ஏற்கெனவே அறிந்த விஷயங்கள். ஹார்னுக்கு அப்புறம் வந்தது எனக்கே புதிது.

வெளிச்சத்தம் இல்லாத பதிவு வேண்டும் என்பவர்கள் டிஜிட்டல் பியானோவிலிருந்து நேராக ஒயர் போட்டு எடுத்துக்கொள்ளலாம். சுத்தமாக இருக்கும். ஆனால் ஏன் அந்த இடத்தில் அப்படித் திரும்பினீர்கள் என்பதற்கான காரணம் பதிவில் இருக்காது.

ஜூன் 6

ஹார்ன் விஷயத்தைப் படித்துவிட்டு ஒருவர், தோன்றியதையே கச்சேரியாக வாசித்த அமெரிக்கப் பியானோக்காரர் கீத் ஜாரெட்டை நினைவுபடுத்தினார். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கு. அன்று அவர் முதலில் வாசித்த சில ஸ்வரங்கள் அரங்கில் ரசிகர்களை உள்ளே அழைக்கும் மணியின் ஓசையிலிருந்து எடுத்தவை என்று சொல்லப்படுகிறது. அந்தக் கச்சேரியைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஜூன் 14

பெரம்பூர் நண்பர் திரும்ப வந்து, "சரி, சில வாரம் கழித்துக் கேட்கிறேன். கேட்டு என்ன செய்வது? ரசிப்பதா, திருத்துவதா?" என்று கேட்டிருக்கிறார். இது நல்ல கேள்வி.

இரண்டும் வேண்டாம். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவை நிறுத்தாமல் முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். காது நிமிரும் இடத்தில் நிமிடத்தை மட்டும் எழுதுங்கள். காது தளரும் இடத்திலும் எழுதுங்கள். நல்லது கெட்டது என்று எழுத வேண்டாம். அப்புறம் அந்த நிமிடங்களுக்குத் திரும்பிப் போய், அங்கே கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இப்படிக் கேட்டுக் கேட்டு என் வாசிப்பில் நான் கண்டவற்றைச் சொல்கிறேன். உங்கள் வாசிப்பில் வேறாக இருக்கும்.

என் இடது கைக்கு ஒரு வீடு இருக்கிறது. டி மைனர் என்ற ஸ்கேல். எங்கே சுற்றினாலும் களைத்தவுடன் அங்கே போய் உட்கார்ந்துவிடும். எதையும் முடிவு செய்யாமல்தான் உட்கார்ந்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ராத்திரிகளிலும் கை தனக்குள் ஒரு முடிவோடு வந்திருக்கிறது. இது ஒரு பதிவைக் கேட்டால் தெரியாது. ஒரே பதிவில் டி மைனர் வந்தால் அழகாகத்தான் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல பதிவுகளைக் கேட்கும்போதுதான் அது பழக்கம் என்று தெரிகிறது.

இரண்டாவது, மௌனம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரி இன்னும் வராத நேரத்தில் வலது கை மேலே போய்ச் சின்னச் சின்னதாக எதையாவது தூவிக்கொண்டே இருக்கிறது. காது தளர்ந்த இடங்கள் என்று நான் குறித்ததில் பெரும்பாலானவை இவைதான். தப்பான கட்டை விழுந்த இடங்களில் காது தளரவே இல்லை. அங்கே நிமிர்ந்தது. தப்பான கட்டைக்கு அப்புறம் கை உண்மையாகவே ஏதாவது யோசிக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

மூன்றாவது, முடிவுகள். எல்லாவற்றையும் மெல்லத் தேய்த்து முடிக்கிறேன். வாசிக்கும்போது அது ஆழமாக இருப்பதாகத் தோன்றும். கேட்கும்போது, விஷயம் அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிட்டது தெரிகிறது. இப்போதெல்லாம் முடிந்ததும் கையை எடுத்துவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாக இருக்கிறது.

நல்லதும் உண்டு. எரிச்சலோடு, வாசிக்கவே பிடிக்காமல் உட்கார்ந்த ராத்திரிகளின் பதிவுகளில் சில மிக நன்றாக இருக்கின்றன. ஆனந்தமாக வாசித்தவற்றில் பல சாதாரணம். வாசிக்கும்போது வரும் உணர்வை வைத்து வாசிப்பின் தரத்தைச் சொல்லவே முடியாது. இதைப் பதிவைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்காது.

ஜூன் 15

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார். "பழக்கத்தைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும் என்றால் அப்புறம் எங்கே சுதந்திரம்? எங்க ஏரியா கானாக்காரங்க நோட்டு வெச்சுக்கிட்டா பாடுறாங்க?"

தம்பி, கோபம் நியாயமானதுதான். கானாவை நீங்களே எடுத்ததால் அதிலிருந்தே சொல்கிறேன். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் கானாவை நான் கேட்டு வளர்ந்தவன். டோலக்கோ பானையோ ஏதோ ஒன்று தட்ட, இறந்தவரின் பேர், அவர் பார்த்த வேலை, பிள்ளைகள், அவர் நின்ற டீக்கடை எல்லாம் பாட்டுக்குள் வந்து விழும். முன்கூட்டி எழுதியது இல்லை. ஆனால் மெட்டு பழகிய மெட்டு. சந்தம் பழகிய சந்தம். பாடுகிறவருக்கு எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லில் போய் முடிந்தால் கூட்டம் அழும் என்பது தெரியும். பழக்கம் அங்கே தடையாக இல்லை, தரையாக இருக்கிறது. அந்தத் தரை தன் காலடியில் இருப்பது அவருக்குத் தெரியும். எனக்கு என் டி மைனர் இருப்பதே தெரியாமல் இருந்தது. நான் சொல்ல வந்தது அந்த வித்தியாசத்தைத்தான். பழக்கத்தை விலக்கச் சொல்லவில்லை. அது இருப்பது தெரிய வேண்டும். தெரிந்து டி மைனருக்குப் போனால் அது என் முடிவு.

கச்சேரியில் ஆலாபனையும் அப்படித்தான். ராகத்துக்கு எல்லை உண்டு, அதற்குள் எந்த வழியாகப் போவது என்பது அந்த நேரத்து மனோதர்மம்.

ஜூன் 15, பின்னிரவு

எழுதிவிட்டுப் படுத்தும் இந்த யோசனை விடவில்லை. முழுக்க எல்லையே இல்லாமல் வாசித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1949 மே மாதம் நியூயார்க்கில் லென்னி டிரிஸ்டானோ என்ற பியானோக்காரர் தன் குழுவோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ஸ்கேல், தாளம், கார்டு எதையும் பேசிவைக்காமல் வாசித்துப் பதிவு செய்தார். யார் எந்த வரிசையில் உள்ளே வருவது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். கம்பெனிக்கு அதை வெளியிட மனமில்லை. இன்று கேட்டால் அந்தப் பதிவு ஆச்சரியப்படும் அளவுக்கு ஒழுங்காக இருக்கிறது. சேர்ந்து பயிற்சி செய்தவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசித்தால் ஒழுங்கு தானாக வந்துவிடுகிறது. தனியாக வாசிக்கும் நம்மைக் கேட்க ஆளில்லை. ரெக்கார்டர்தான் இருக்கிறது.

ஜூன் 23

கொலோன் கச்சேரியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

ஜாரெட் கேட்டிருந்தது போசன்டார்ஃபர் கம்பெனியின் பெரிய கிராண்ட் பியானோ. மேடையில் இருந்தது ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ. மேல்கட்டைகள் தகரச் சத்தம் போட்டன, அடிக்கட்டைகளில் கனம் இல்லை, பெடல் சரியாக வேலை செய்யவில்லை. அவர் வாசிக்க மறுத்துவிட்டார். ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டெஸ், அப்போது அவருக்கு வயது 18. அவர்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. ஜாரெட் நடுப்பகுதிக் கட்டைகளிலேயே அதிகம் சுற்றினார், இடது கையில் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து இல்லாத கனத்தை உண்டாக்கினார். பதிவு ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்ததால்தான் அது இன்று நம்மிடம் இருக்கிறது.

இதை "கஷ்டத்தில்தான் கலை பிறக்கும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லை. நல்ல பியானோ கிடைத்திருந்தால் அவர் வேறு ஒன்றை நன்றாகவே வாசித்திருப்பார். எனக்கு முக்கியமாகப்படுவது அதற்கு அப்புறம் நடந்தது. அந்தக் கச்சேரியை நோட்டாக எழுதித்தாருங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டார்கள். அவர் இசையவில்லை. 1991இல் அச்சிட ஒப்புக்கொண்டபோதும், நோட்டு இறுதியானதல்ல, பதிவைத்தான் இறுதியாகக் கொள்ள வேண்டும் என்று சொன்னார். தோன்றியதை வாசித்தவரே, எழுத்தைவிடப் பதிவு பக்கத்தில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்ன மாதிரிதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

பதிவுக்கருவி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1747 மே மாதம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் போட்ஸ்டாம் அரண்மனைக்குப் போனார். பிரஷ்ய ராஜா இரண்டாம் பிரெடரிக் ஒரு மெட்டைக் கொடுத்து, இதில் ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிக்கொண்டு போவது) வாசியுங்கள் என்றார். பாக் அங்கேயே மூன்று குரல்களில் வாசித்தார். ஆறு குரல்களில் கேட்டபோது ராஜா கொடுத்த மெட்டை விட்டுத் தனக்கு ஏற்ற வேறு மெட்டை எடுத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் ராஜாவின் மெட்டிலேயே ஆறு குரல்களில் எழுதி அச்சிட்டு அனுப்பினார். அன்று ராத்திரி கையில் வந்தது போய்விட்டது. திரும்ப யோசித்து எழுதியது நின்றது. நான் செய்யும் சின்ன வேலையிலும் இந்த இரண்டு பாதியும் வேண்டும் என்று தோன்றுகிறது.

ஜூன் 24

மேளக்காரர்களை விட்டுவிட்டேனே என்று திருவொற்றியூர்க்காரர் ஒருவர் உரிமையோடு கேட்டார். விடவில்லை ஐயா. நாதஸ்வரத்தில் டி. என். ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார் என்று கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி நமக்கு வந்திருக்கிறது. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். இசைத்தட்டில் அவர் வாசித்த தோடி அதற்குள் அடங்கியது. மணிக்கணக்கில் ஓடியது எப்படி இருந்திருக்கும் என்பது அதிலிருந்து தெரியாது. இன்று எங்கள் வீட்டு ரெக்கார்டரில் ஒரு மணி நேரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் ஏறக்குறைய ஒரு ஜிபி. ஒரு சின்ன மெமரி கார்டில் பல ராத்திரி அடங்கிவிடும். இந்த வசதி கையில் இருக்கும்போது இடம் போதவில்லை என்று நடுவில் நிறுத்துவதற்குக் காரணமே இல்லை. முழுசாக எடுங்கள்.

ஜூலை 6

டெக்னிக்கல் ஆட்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்கள் ஓசையோடு மிடியையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மிடி 1983இல் வந்தது, இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அமுங்கியது, எப்போது விடப்பட்டது என்பது போன்றவற்றை எழுதிவைக்கும், ஓசையை அல்ல. வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண். தண்டையார்பேட்டை நண்பர் ஒருவரின் வாசிப்பை இப்படித் திரையில் பார்த்தோம். அவர் மெல்ல வாசித்ததாக நினைத்த இடமும் ஓங்கி வாசித்ததாக நினைத்த இடமும் ஏறக்குறைய ஒரே எண்களில் இருந்தன. அவர் கேட்டு நம்பாததைப் பார்த்து நம்பினார். அடுத்த வாரமே அவர் கை மாறிவிட்டது.

ஜூலை 7

அப்ரைட் வைத்திருப்பவர்கள் கடற்காற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். இது பதிவோடும் சம்பந்தப்பட்டதுதான்.

ஒரு பியானோவில் 88 கட்டை, இருநூற்றுச் சொச்சம் கம்பி. எல்லாக் கம்பிகளின் இழுவையையும் கூட்டினால் பதினைந்து, இருபது டன் வரும். அதைத் தாங்குவது இரும்புச் சட்டம், ஓசை கொடுப்பது ஒரு மரப்பலகை. ஈரப்பதம் ஏறினால் பலகை உப்பும், கம்பி இன்னும் இழுபடும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். எல்லாக் கட்டையும் ஒரே அளவில் ஏறாது, நடுப்பகுதி முந்திக்கொள்ளும். அதனால்தான் ஒரு பருவம் போனதும் அடிக்கட்டையும் நடுக்கட்டையும் ஒன்றுக்கொன்று சண்டை போடுகின்றன. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். கம்பளி ஃபெல்ட்டை அந்துப்பூச்சி தின்னும். பழைய ஆட்கள் செய்வது போல நானும் உள்ளே கீழ்ப்பக்கம் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு வைக்கிறேன், பாச்சை உருண்டை ஒரு துணிப்பையில் தொங்குகிறது. பல்ப் எந்த மரத்தையும் ஃபெல்ட்டையும் தொடாமல் இருக்க வேண்டும், அதில் கவனம்.

சம்பந்தம் என்னவென்றால், பழைய பதிவுகளை வரிசையாகக் கேட்கும்போது பியானோ மெல்ல மாறிக்கொண்டே போவதும், கை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதும் கேட்கிறது. ஒரு மழைக்காலத்தில் மேல்ப்பக்கம் ஒரு கட்டை ஈரத்தில் ஒட்டிக்கொண்டது, அழுத்தினால் திரும்பி வராது. அந்த மாதப் பதிவுகளில் என் வலது கை அந்தக் கட்டையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ட்யூனர் வந்து சரி செய்த பிறகும் வெகுநாள் அப்படியே போகிறது.

ஜூலை 21

ஒரு வாசகர் ஆணி அடித்த மாதிரிக் கேட்டார்: "வாசிக்கும்போதே ஏன் இதையெல்லாம் கவனிக்க முடியவில்லை? கவனித்துக்கொண்டே வாசித்தால் பதிவே வேண்டாமே?"

முயன்று பாருங்கள், வாசிப்பு நின்றுவிடும். 2008இல் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஜாஸ் பியானோக்காரர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, இரும்பு இல்லாத ஒரு சின்ன கீபோர்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமாக வாசித்தபோதும் தோன்றியதை வாசித்தபோதும் மூளையைப் படம் எடுத்தார்கள். தோன்றியதை வாசிக்கும்போது, தன்னைத்தானே கண்காணிப்பதோடு தொடர்புள்ள முன்மூளைப் பகுதி ஒன்று அடங்கிப்போனது. வாசித்தவர்கள் ஆறு பேர்தான், அதனால் இதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவ நான் தயாராக இல்லை. ஆனால் என் அனுபவத்துக்கு ஒத்துப்போகிறது. கண்காணிப்பவன் ஒதுங்கினால்தான் வாசிப்பவன் வருகிறான். அப்படி ஒதுங்கிப் போனவன் பிறகு வந்து உட்கார்ந்து கேட்பதற்காகத்தான் ரெக்கார்டர்.

ஆனால் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தால் கண்காணிப்பவன் ஒதுங்க மாட்டான் என்பதும் உண்மை. அதனால் நான் பியானோ மூடியைத் திறப்பதற்கு வெகு முன்னாலேயே ரெக்கார்டரை ஓடவிட்டுவிட்டு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன். அதற்குள் அது ஓடுவது மறந்துபோகும். விளக்கின் மேல் ஒரு துண்டு டேப்.

ஆகஸ்ட் 4

முதல் கேள்விக்கே திரும்பப் போகிறேன். பதிவு செய்வதே தப்பு என்றாரே, அதைச் சொன்ன பெரியவர்கள் உண்டு. கார்னீலியஸ் கார்ட்யூ, ஆங்கிலேயர், ஏ.எம்.எம். என்ற குழுவில் எதையும் முடிவு செய்யாமல் வாசித்தவர். 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் இப்படிப்பட்ட வாசிப்பின் டேப் பதிவுகள் அடிப்படையில் வெறுமையானவை என்ற பொருளில் வாதாடினார். வாசிப்பின் உருவம் டேப்பில் தங்கும், அந்த இடமும் நேரமும் உணர்வும் தங்காது என்பது அவர் கட்சி.

ஜூன் மாதத்தில் கேட்டிருந்தால் இதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. கேட்கிற மற்றவருக்கு வெறுமையாக இருக்கலாம், வாசித்தவருக்கு இல்லை, ஏனென்றால் இடமும் நேரமும் அவருக்குள் இருக்கிறது, பதிவு அதைத் தட்டி எழுப்பிவிடும் என்று சொல்லியிருப்பேன். கப்பல் ஹார்னை எழுதியபோது மனசில் இருந்தது அதுதான்.

இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. போன வாரம் கீழ்வீட்டில் இருக்கும் என் சித்தி மேலே வந்தார். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர், பியானோ என்றால் மாதா கோயில் சாமான் என்ற அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும். நான் ஒரு பழைய பதிவைக் குறித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். ஓர் இடம் வந்ததும், "தோ, இந்த இடம் நல்லாகீது. மத்ததுல எல்லாம் நீ ஓடினேகீற" என்றார்.

நோட்டைப் பார்த்தேன். அந்த நிமிடத்தை நான் குறிக்கவே இல்லை. எனக்கு அங்கே எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. திரும்பப் போட்டுக் கேட்டால், இடது கையில் ஒற்றைக் கட்டை ஒன்று விழுகிறது, தேய்கிறது, தேய்ந்து முடிந்த பிறகுதான் அடுத்தது விழுகிறது. தூவல் இல்லை. எனக்கு அந்த ராத்திரியின் இடமும் நேரமும் தெரிந்ததால் அதை ஏதோ களைப்பு என்று தள்ளிவிட்டிருந்தேன். அது எதுவும் தெரியாத சித்திக்கு ஓசை மட்டும் கேட்டது.

அதனால், வாசித்தவருக்கு இருக்கும் ஞாபகமே சில சமயம் காதை மூடிவிடுகிறது. கார்ட்யூ சொன்ன அந்த வெறுமையில் ஒரு லாபமும் இருக்கிறது. இடமும் நேரமும் கழன்றுபோன ஓசையை வேறொருவர் வந்து நமக்குக் காட்டிக்கொடுக்க முடியும். சில வாரம் தள்ளிக் கேளுங்கள் என்று சொன்னேனே, அது நாமே அந்த வேற்று ஆளாக மாறப் பார்ப்பதுதான். முழுசாக முடியாது. இசை தெரியாத ஒருவரையும் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இசை தெரிந்தவர்கள் உடனே அது யார் மாதிரி இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அது நமக்கு உதவாது.

ஆகஸ்ட் 5

கேட்பவர்களுக்கு: இல்லை, எதையும் அழிப்பதில்லை. சித்தி காட்டிய பதிவு அழிக்கலாம் என்று ஒதுக்கியிருந்த கூட்டத்தில் இருந்ததுதான். கோப்புக்குத் தேதியும், வாசித்த நேரமும், அன்றைய வானிலையும் பேராக வைக்கிறேன். 'அருமை', 'சுமார்' என்று பேர் வைத்தால் அடுத்த முறை அந்தப் பேரைத்தான் கேட்போம்.

ஆகஸ்ட் 18

பெரம்பூர் நண்பர் மே மாதத்தில் சகிக்கவில்லை என்று சொன்ன அதே பதிவை இப்போது கேட்டு எழுதியிருக்கிறார். முதல் பாதி இன்னும் பிடிக்கவில்லையாம். பாதிக்கு மேல் ஓரிடத்தில் பரீட்சைக்குப் படித்த ஒரு துண்டு உடைந்து உடைந்து உள்ளே வருவதாகவும், அது எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றும், அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். "இனி அதை வேண்டுமென்றே வாசிக்கலாமா? அது கெட்டுப்போகுமா?" என்கிறார்.

வாசியுங்கள். உடைந்து வந்தது எந்தச் சுரங்கள் என்று முதலில் காதாலேயே கண்டுபிடியுங்கள், பரீட்சைப் புத்தகத்தைத் திறக்காமல். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தினமும் ஆரம்பியுங்கள், ஒவ்வொரு நாளும் வேறு திசையில் போங்கள். பெடலை முதல் இரண்டு நாள் தொடாதீர்கள், அது குறைகளை மூடிவிடும். எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள், செப்டம்பர் கடைசிவரை கேட்காதீர்கள். கேட்டுக் குறித்த நிமிடங்களை இங்கே போடுங்கள். பதிவையும் அனுப்பினால் நானும் சித்தியும் தனித்தனியாகக் கேட்டு எங்கள் நிமிடங்களைப் போடுகிறோம்.